தடிப்பு ஆறு வாரத்தைத் தாண்டினால்: நாள்பட்ட காணாக்கடிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் யாருக்காவது உடம்பெல்லாம் தடித்துவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "நேத்து என்னத்தத் தின்ன?" என்பதுதான். உவரியிலிருந்து வந்த இறால், கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, கல்யாண வீட்டுச் சொதி என்று ஒவ்வொன்றின் மேலும் பழி விழும். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும் தடிப்புக்கு அந்தக் கேள்வி சரிதான். மாதக்கணக்கில் வந்து வந்து போகும் தடிப்புக்கு அது பெரும்பாலும் தப்பான கேள்வி. அதைக் கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் பலர் ஒன்றொன்றாகச் சாப்பாட்டை விட்டு, உடம்பும் மெலிந்து, தடிப்பும் போகாமல் அலைகிறார்கள்.

ஊரில் காணாக்கடி என்றும், பூச்சிக்கடி என்றும், வெறுமனே அலர்ஜி என்றும் சொல்லப்படும் இந்தத் தொந்தரவு ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட அர்ட்டிகேரியா என்பார்கள். எந்த நேரத்தில் பார்த்தாலும் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு அதிகம். 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குவது வழக்கம். தொற்று நோய் இல்லை, ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது.

உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லும் எல்லாம் எளிதில் புரியும். தோலுக்கு அடியில் மாஸ்ட் செல் என்ற அணுக்கள் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் ஹிஸ்டமினைக் கொட்டும். ஹிஸ்டமின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும், நரம்பைத் தூண்டும். கசிவு தடிப்பாகிறது, தூண்டல் அரிப்பாகிறது. நாள்பட்ட வகையில் இந்தத் தூண்டுதல் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் அணுக்களுக்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள்தான் பலருக்கும் காரணம். அதனால்தான் சாப்பாட்டுத் தட்டில் தேடினால் குற்றவாளி அகப்படுவதில்லை.

1. இது காணாக்கடிதானா என்று உறுதி செய்யுங்கள்

ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். புதிதாகக் கிளம்பிய ஒரு தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். வட்டத்துக்குள் தடிப்பு மறைந்து, தோல் பழையபடி இருந்தால் அது காணாக்கடி. வேறு இடத்தில் புதிதாக வந்திருக்கலாம், அது கணக்கில்லை. ஒவ்வொரு தனித் தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் சுவடு இல்லாமல் போக வேண்டும் என்பதுதான் அடையாளம்.

அதே இடத்தில் ஒரு நாளைத் தாண்டியும் நின்றாலோ, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் கூடுதலாக இருந்தாலோ, மறையும்போது கன்றிப்போன மாதிரி கறுப்புத் தழும்பை விட்டாலோ, அது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். அதற்குத் தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

மற்ற அரிப்புகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ராத்திரியில் கூடும் அரிப்பு, விரல் இடுக்கில் பொரிகள், வீட்டில் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் சொறிச்சல் என்றால் அது சிரங்கு. வட்டமாக, ஓரம் தூக்கலாக, செதில் விட்டால் படர்தாமரை. முருங்கை மரத்தடியில் நின்ற பிறகு கழுத்தில் மட்டும் தடித்தால் கம்பளிப்பூச்சி முடி. வாய்க்கால் கரையில் செந்தட்டி உரசினாலும் அதே கதைதான், சில மணி நேரத்தில் போய்விடும்.

போனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும் நேரத்தில் உடம்பில் ஒன்றுமே இருக்காது, இது இந்த நோயின் குசும்பு.

2. எதற்கு உடனே ஓட வேண்டும்

உதடு, கண் இமை வீங்குவது இந்த நோயில் சகஜம். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் மூன்று நாளுக்குள் வடிந்துவிடும். நாக்கு வீக்கம், தொண்டை அடைப்பு, குரல் மாறுதல், மூச்சிரைப்பு, தலைசுற்றி மயக்கம், தடிப்போடு சேர்ந்து விடாத வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். அங்கே உயிர் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்குப் போடும் அவில் ஊசியை நம்பி நேரத்தைக் கழிக்கக் கூடாது.

தடிப்பே இல்லாமல் வெறும் வீக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறதா? முதலில் பிரஷர் மாத்திரை அட்டையைப் பாருங்கள். எனலாபிரில், ராமிபிரில் போன்றவை மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட இப்படி வீங்க வைக்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். மாத்திரையும் காரணமில்லை, குடும்பத்தில் வேறு யாருக்காவதும் இப்படி வீங்கும் என்றால் அது பரம்பரை வகையாக இருக்கலாம். அதற்கு அரிப்பு மாத்திரை வேலை செய்யாது, வைத்தியமே வேறு.

3. மதிப்பெண் போடுங்கள்

"ரொம்ப அரிக்குது டாக்டர்" என்று சொன்னால் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவரால் முடிவு செய்ய முடியாது. உலகம் முழுக்கத் தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. தினமும் ராத்திரி, அந்த 24 மணி நேரத்துக்கு இரண்டு எண்களை எழுதுங்கள். தடிப்பே இல்லை என்றால் 0, இருபதுக்குள் 1, இருபது முதல் ஐம்பது வரை 2, அதற்கு மேல் 3. அரிப்பு இல்லை என்றால் 0, லேசாக 1, தொந்தரவாக ஆனால் வேலையைக் கெடுக்காத அளவு 2, தூக்கத்தையோ வேலையையோ கெடுத்தால் 3. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6, ஏழு நாளைக்கு 42. வாரக் கூட்டல் 6-க்குள் இருந்தால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. 28-ஐத் தொட்டால் கடுமை.

தினசரிக் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதினாலே போதும். கூடவே இரண்டு விஷயம் மட்டும் குறியுங்கள்: வலி மாத்திரை போட்டீர்களா, மாதவிலக்கு நாளா. அன்றன்று சாப்பிட்டதையெல்லாம் எழுத வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

4. தூண்டுவது எது என்று பாருங்கள்

நாள்பட்ட காணாக்கடியில் இரண்டு பெரிய பிரிவு. ஒன்று, காரணமே இல்லாமல் தானாகக் கிளம்புவது. இன்னொன்று, குளிர், சூடு, அழுத்தம், உரசல் மாதிரி குறிப்பிட்ட தூண்டுதலுக்கு மட்டும் வருவது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். இரண்டாவது பிரிவைக் கண்டுபிடிப்பது நம் கையில் நிறைய இருக்கிறது. நம் ஊர் வாழ்க்கையில் அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று சற்று விரிவாகவே பார்ப்போம்.

உரசல். பேனா மூடியால் முன்கையில் மிதமாக ஒரு கோடு இழுத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கோடு தடித்து எழும்பி அரித்தால் இந்த வகை. பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, ஜட்டி எலாஸ்டிக் படும் இடங்களில் வரிவரியாகத் தடிப்பது இதனால்தான். தேங்காய் நார், பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தை விடுங்கள். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி வைத்துத் தையுங்கள்.

அழுத்தம். இதுதான் ஏமாற்றும். அழுத்தம் பட்ட உடனே எதுவும் தெரியாது, நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்து ஆழமாக வீங்கி வலிக்கும். காலையில் தோளில் உர மூட்டை தூக்கியவருக்குச் சாயங்காலம் தோள் வீங்கும். அவரோ மத்தியானச் சாப்பாட்டைச் சந்தேகப்படுவார். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் சுளகை மடியில் வைத்து நாள் முழுக்கப் பீடி சுற்றும் பெண்களுக்குத் தொடையிலும் உட்காரும் இடத்திலும் ராத்திரி வீங்கினால் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் தோளில் ஏழு கிலோ எடையைக் கால் மணி நேரம் தொங்கவிட்டு, ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்து உறுதி செய்வார்கள்.

சூடும் வியர்வையும். உடம்பின் உள்சூடு ஏறும்போது, அதாவது ஓட்டம், வெந்நீர்க் குளியல், காரச் சாப்பாடு, கோபம், இதில் ஏதாவது ஒன்றுக்குப் பிறகு குண்டூசித் தலை அளவுச் சிறுசிறு தடிப்புகள் மார்பிலும் கையிலும் கிளம்பி, அரை மணி, ஒரு மணி நேரத்தில் போய்விடும். பாளையங்கோட்டை வெயிலில் சித்திரை மாதம் இதை வேர்க்குரு என்று தள்ளிவிடுவது ரொம்பச் சுலபம். வேர்க்குரு ஒரு மணி நேரத்தில் மறையாது.

குளிர். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. குளிர்ந்த பொருள் பட்ட இடம், பெரும்பாலும் அது மறுபடி சூடேறும்போது, தடிப்பது இந்த வகை. ஐஸ்கிரீமுக்கு உதடு வீங்கும், பைக்கில் போனால் முகம் தடிக்கும். இதோடு ஒருவர் மணிமுத்தாறு அருவியிலோ, அகஸ்தியர் அருவியிலோ, சாரல் நேரத்தில் குற்றாலத்திலோ தலையைக் கொடுத்தால் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் ஹிஸ்டமின் கொட்டி ரத்த அழுத்தம் விழலாம், மயங்கி விழலாம். ஆற்றில் நீந்தும்போது அது நடந்தால் மூழ்குவார். ஆகவே, குளிருக்குத் தடிக்கும் என்று தெரிந்தவர்கள் மருத்துவர் சொல்லும்வரை அருவியும் ஆறும் வேண்டாம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு போனாலும் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்துங்கள், சாமி கோபிக்காது. மருத்துவர் ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்கையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பார். வீட்டில் முயல வேண்டாம்.

இவற்றைச் சோதிக்கும் முன் அரிப்பு மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் முடிவு பொய்யாகும்.

தூண்டுதல் வரிசையில் கடைசியாக ஒன்று, ஆனால் எல்லாருக்கும் பொருந்துவது: வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகைகள் நாள்பட்ட காணாக்கடி உள்ள பலருக்குத் தடிப்பைக் கிளப்பிவிடும். உடம்பு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். பெரும்பாலோருக்குப் பாரசிட்டமால் பிரச்சினை தருவதில்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.

5. மருத்துவரும் பரிசோதனைகளும்

தோல் மருத்துவர்தான் சரியான ஆள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். படங்கள், மதிப்பெண் தாள், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும்.

தேவையான ரத்தப் பரிசோதனைகள் கொஞ்சம்தான். முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, அலர்ஜியோடு தொடர்புள்ள எதிர்ப்பொருளான ஐஜிஇ-யின் மொத்த அளவு, தைராய்டுக்கு எதிரான டிபிஓ எதிர்ப்பொருள். கூடவே தைராய்டு வேலையைக் காட்டும் டிஎஸ்எச் பார்ப்பதும் உண்டு, ஏனென்றால் தைராய்டுக் கோளாறு இவர்களுக்குச் சற்று அதிகம். ஈயோசினோஃபில் என்ற வெள்ளணு வகை ஏறியிருந்தால் மலப் பரிசோதனை செய்து வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கலாம். வயலில் வெறுங்காலோடு நடக்கும் ஊர் நம்முடையது, அதனால் இது வீண் செலவு இல்லை.

வீண் செலவு எது என்றால், நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களுக்கு ஒரே ரத்தத்தில் அலர்ஜி பார்க்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் பெரிய பட்டியல்தான். அதில் ஏதோ நாலைந்து பொருளுக்கு நேரே குறி வந்தே தீரும். குறி வந்தது என்பதால் அந்தப் பொருள்தான் தடிப்பைத் தருகிறது என்று ஆகாது. தாளைப் பிடித்துக்கொண்டு கோதுமையையும் பாலையும் விட்டவர்கள் எத்தனையோ பேர். தடிப்பு மட்டும் அவர்களை விடவில்லை.

6. பத்தியம் பற்றிக் கொஞ்சம்

கரப்பான் பண்டம் என்று ஆச்சிமார் ஒதுக்கும் பட்டியல் பெரிது: கத்திரிக்காய், கருவாடு, முட்டை, சோளம், நிலக்கடலை. நிஜமான உணவு அலர்ஜி எப்படி நடந்துகொள்ளும் என்று பாருங்கள். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். அதே பொருளைச் சாப்பிடும்போதெல்லாம் வரும். சாப்பிடாத நாளில் வராது. உங்கள் தடிப்பு தினமும், விடியக்காலையிலும், பட்டினி கிடந்த நாளிலும் வருகிறதென்றால் உணவின் மேல் பழி போட இடமே இல்லை. சாப்பாட்டை எழுத வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகத்தான். எழுதத் தொடங்கினால் ஏதோ ஒன்று பொருந்துவது போலத் தெரியும்.

ஒரு விதிவிலக்கு. சூரை, அயிலை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் மீனிலேயே ஹிஸ்டமின் உருவாகிவிடும், கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தடித்தால் அது அலர்ஜியே இல்லை, கெட்ட மீன். அடுத்த முறை நல்ல மீனாக வாங்குங்கள். மது தடிப்பைக் கூட்டக்கூடும், அதை நிறுத்துவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

7. மாத்திரை: தினமும், தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பலரும் செய்வது, தடித்தால் ஒரு மாத்திரை, அடங்கினால் விட்டுவிடுவது. ஹிஸ்டமின் வெளியே கொட்டிய பிறகு போடும் மாத்திரை பாதி வேலைதான் செய்யும். முன்கூட்டியே தினமும் போட்டு, ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடங்களை, அதாவது ஏற்பிகளை, அடைத்து வைத்திருக்க வேண்டும்.

எந்த மாத்திரை? தூக்கம் அதிகம் தராத புதிய தலைமுறை: லீவோசெட்ரிசின் 5 மி.கி., செட்ரிசின் 10, லோரடடின் 10, டெஸ்லோரடடின் 5, ஃபெக்ஸோஃபெனடின் 180, பிலாஸ்டின் 20, ருபடடின் 10. இவற்றில் ஒன்று, தினம் ஒரு வேளை. செட்ரிசின் வகைகள் சிலருக்குத் தூக்கம் தரும், அவற்றை ராத்திரி போடலாம். பஸ், லாரி ஓட்டுபவர்கள் ஃபெக்ஸோஃபெனடின் அல்லது பிலாஸ்டின் பற்றிக் கேளுங்கள். இந்த இரண்டையும் பழச்சாறோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. பிலாஸ்டினைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ போட வேண்டும். அவில், சிபிஎம் போன்ற பழைய மாத்திரைகள் மூளைக்குள் போய் மந்தமாக்கும், தினசரிக்கு அவை வேண்டாம். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் போன்ற இடங்களில் ஜெனரிக் மாத்திரை மலிவாகக் கிடைக்கும்.

இரண்டு முதல் நாலு வாரம் விடாமல் போட்டும் வார மதிப்பெண் இறங்கவில்லையா? அதே மாத்திரையின் அளவை மருத்துவர் படிப்படியாக நாலு மடங்கு வரை கூட்டலாம். சர்வதேச வழிகாட்டுதலே இதைச் சொல்கிறது. "ஒண்ணு போட்டாலே தூக்கம் வருது, நாலா?" என்று பயப்படுவது இயல்பு. அதனால்தான் மெதுவாக ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அளவு வேறு. கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் லோரடடின் அல்லது செட்ரிசின்தான் தேர்வு. இரண்டு மூன்று வகையை ஒன்றாகக் கலந்து போடுவதைவிட ஒரே வகையைக் கூட்டுவது மேல்.

கூட்டும்போது ஒரு பொறி உண்டு. கடையில் லீவோசெட்ரிசின் என்று கேட்டால், ஆஸ்துமாவுக்கும் மூக்கு அலர்ஜிக்கும் தரும் மாண்டிலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையைக் கொடுப்பது இங்கே சாதாரணம். அதை நாலு போட்டால் மாண்டிலுகாஸ்டும் நாலு மடங்காகிவிடும். அந்த மருந்து சிலருக்கு மனச்சோர்வு, கெட்ட கனவு தரும் என்று எச்சரிக்கையே இருக்கிறது. சளி மாத்திரைக் கலவைகளும் அப்படித்தான். அட்டையின் பின்பக்கத்தில் ஒரே ஒரு மருந்துப் பெயர்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

8. ஸ்டீராய்டு என்னும் குறுக்கு வழி

"ஒரு ஊசி போட்டா அமுங்கிரும் அண்ணாச்சி." அமுங்கும், உண்மை. நாலு நாளில் திரும்பி வரும், அதுவும் உண்மை. கடுமையாகக் கிளம்பும்போது அதிகபட்சம் பத்து நாள் வரை ஸ்டீராய்டு மாத்திரை தருவது முறையான வைத்தியமே. மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரை ஏறும், முகம் ஊதும், எலும்பு தேயும். பெயர், உட்பொருள் எழுதாத பொட்டலத்தில் வரும் மூலிகைப் பொடி இரண்டே நாளில் மாயமாக அரிப்பை நிறுத்தினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

சித்த வைத்தியம் பார்க்க விரும்புபவர்களுக்குப் பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முறையான இடத்துக்குப் போங்கள். இரண்டு பக்க மருத்துவருக்கும் எதையெதைச் சாப்பிடுகிறீர்கள் என்று தெரிய வேண்டும். அருகம்புல்லும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது குளிர்ச்சி தரலாம். காலமைன் லோஷனும் அதையேதான் செய்கிறது. அழுத்தித் தேய்த்தால் உரசலே தடிப்பைக் கூட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

9. நாலு மடங்கிலும் அடங்காதபோது

அடுத்த படி ஓமலிசுமாப். ஐஜிஇ எதிர்ப்பொருளைப் பிடித்துக் கட்டும் ஊசி. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாலு வாரத்துக்கு ஒரு முறை 300 மி.கி. தோலுக்கடியில் போடுவார்கள். சிலருக்கு முதல் ஊசியிலேயே பலன் தெரியும், சிலருக்கு மாதங்கள் ஆகும். ஆறு மாதம் பார்த்த பிறகே பலனில்லை என்று முடிவு கட்டுவார்கள். அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் முதல் சில ஊசிகளுக்குப் பிறகு மருத்துவமனையிலேயே உட்கார வைப்பார்கள். விலைதான் இடி, ஒவ்வொரு முறையும் பல ஆயிரம். தொடங்கும் முன் எத்தனை மாதம் தாங்க முடியும் என்று குடும்பத்தோடு பேசிவிடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால், அல்லது அது கட்டுப்படியாகாவிட்டால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின். உடல் எடையில் கிலோவுக்கு 3.5 முதல் 5 மி.கி. வரை. ரத்த அழுத்தமும் சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினினும் தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய மருந்து. அமெரிக்காவில் 2025-ல் டூபிலுமாப் ஊசிக்கும் ரெமிப்ரூடினிப் மாத்திரைக்கும் இந்த நோய்க்கென அனுமதி கிடைத்திருக்கிறது.

10. எப்போது நிறுத்துவது

பெரும்பாலோருக்கு இந்த நோய் சில ஆண்டுகளில் தானாகவே விலகிவிடும். சிலருக்குப் பத்தாண்டு தாண்டியும் நீளும். அது யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரோடு உட்கார்ந்து மறுபரிசீலனை செய்யுங்கள். மதிப்பெண் வாரக்கணக்கில் 0-விலேயே நிற்கிறதென்றால் ஏறிய படியிலேயே ஒவ்வொன்றாக இறங்க வேண்டும்: நாலு மாத்திரை மூன்றாகி, இரண்டாகி, ஒன்றாகி. ஒவ்வொரு படியிலும் சில வாரம் நின்று, காலண்டர் தாளில் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் முந்தின படிக்கே திரும்பி, சில மாதம் கழித்து மறுபடி இறங்கிப் பார்க்கலாம். நீண்ட நாள் போட்ட செட்ரிசினை, லீவோசெட்ரிசினைச் சட்டென்று நிறுத்தினால் தடிப்பே இல்லாமல் வெறும் அரிப்பு மட்டும் கடுமையாக வரலாம். அதை நோய் திரும்பியதாக எண்ணிப் பயந்துவிடாமல், மருத்துவரிடம் சொல்லி மறுபடி தொடங்கி மெதுவாகக் குறையுங்கள்.